வெள்ளிக்கிழமை நோட்டு



இன்று காலை செய்தித்தாளில் நீங்கள் படித்த ஒரே ஒரு செய்தியை, தாளை மூடி வைத்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் பார்ப்போம். என்ன, விழிக்கிறீர்களா? தலைப்பு நினைவில் இருக்கும். யாரோ ஒரு அமைச்சர், ஏதோ ஒரு நாடு, கிரிக்கெட்டில் யாரோ அடித்த சதம். அதற்கு மேல் நாக்கு நகராது. வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கதையும் இதுதான்!

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். 2003-ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரம் முழுக்கக் கண்ணில் படும் செய்திகளில் பிடித்த ஒன்றைக் கத்தரித்து இடது பக்கத்தில் ஒட்ட வேண்டும். வலது பக்கத்தில் அதைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பேப்பருக்கு எங்கே போவது? டீக்கடைக்காரர் முந்தின நாள் பேப்பரை எங்களுக்கென்று எடுத்து வைப்பார். வடை மடித்த எண்ணெய்த் தாளைக்கூட ஒரு பையன் ஒட்டிக் கொண்டுவந்தான். செய்தி முழுதாக இருந்தது, அதனால் ஏற்றுக்கொண்டேன்.

விதி மூன்றுதான். செய்தியில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதக் கூடாது. தெரியாத சொல் வந்தால் அடிக்கோடிட்டு, அதற்கு உன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டும். கடைசி இரண்டு வரியில், இந்தச் செய்தியால் யாருக்கு என்ன ஆகும் என்று நீயே யோசித்து எழுத வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா! அப்போது அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1904-ஆம் ஆண்டு. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞர், நவம்பர் மாதம் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். அவருக்கு இன்னும் 22 வயது நிரம்பவில்லை. வேலை, 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியர். அதை நடத்தியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1882-இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1899-இல் அதைத் தினசரியாக ஆக்கியவர். வந்த இளைஞர் யார் என்று கண்டுபிடித்திருப்பீர்களே! ஆமாம், நம் பாரதியார்தான்.

கவிஞருக்குக் கவிதை எழுதும் வேலை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைதான் அவர் மேசைக்கு வந்தது. தந்தி என்றால் தெரியுமா? ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் செய்தி எலும்பும் தோலுமாகத்தான் வரும். அதற்குச் சதை வைத்து, எட்டயபுரத்தில் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அப்போது ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். அந்த ஊர்ப் பெயர்களை வாயில் நுழைய வைப்பதே பெரும்பாடு! நாள் தவறாமல் இதைச் செய்து செய்துதான் அவருடைய உரைநடைக்கு அந்த வேகம் வந்தது என்பது என் கருத்து.

1906-இல் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை வந்தது. சிவப்புத் தாளில் அச்சாகும். கேலிச் சித்திரம் இருக்கும். வாரா வாரம் உலக நடப்பைப் பற்றித் தம் கருத்தை அதில் எழுதினார் பாரதியார். 1908-இல் ஆங்கில அரசு கைது செய்யத் தொடங்கியதும் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்தும் எழுதினார். 1910-இல் பத்திரிகை நின்றது. எழுத்து நிற்கவில்லை. நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவை அறிவீர்கள் அல்லவா? அவர் நடத்திய 'ஞானபாநு' இதழுக்கும் பாரதியார் எழுதினார்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. பாரதியார் கடைசி வரை ஒரு மொழி மாணவர். காசியில் சமஸ்கிருதமும் இந்தியும் படித்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றார். தமிழிலேயே அவர் மாணவராகத்தான் இருந்தார் என்றால் நம்புவீர்களா? ஒரு முறை சட்டசபை பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினார். 'அவயவி' சரியில்லை. 'அங்கத்தான்' ஒட்டவில்லை. 'சபிகன்' சரியானதுதான், ஆனால் ஜனங்களுக்குப் புரியாது. 'உறுப்பாளி' என்றும் நினைத்துப் பார்த்தார். அரை மணி நேரம் யோசித்தும் மனசுக்குப் பிடித்தது கிடைக்காமல், கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டு, அந்தத் தவிப்பையும் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். இன்று 'உறுப்பினர்' என்று நாம் ஒரு நொடியில் சொல்கிறோமே, அந்தச் சொல் பாரதியாருக்கே கையில் கிடைக்கவில்லை!

பிஜித் தீவை அவர் பார்த்ததில்லை. ஆனால் அங்கே கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காக அழுது பாடினார். பெல்ஜியத்தையும் ரஷ்யாவையும் பாடினார். 1921 செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு, உடல் நலிந்து படுக்கையில் கிடந்தபோதும், ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாராம். 1919-இல் ஆங்கிலேயரோடு போரிட்டுத் தம் நாட்டை விடுவித்துக்கொண்டவர் அந்த மன்னர். பாரதியார் அந்தக் கட்டுரையை எழுதவில்லை. அன்று நள்ளிரவு கடந்ததும் உயிர் பிரிந்தது.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டு நோட்டு வந்தது. அதில் இருபத்தைந்து கிரிக்கெட்! சரி, போகட்டும் என்று விட்டேன். மெல்ல மெல்லத்தான் மாறும்.

மாறியது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த ஒரு பையன், தான் கடலையே பார்த்ததில்லை என்பதால் ஏரித் தண்ணீர் எழுந்து ஊருக்குள் வருவது போல நினைத்துப் பார்த்ததாகவும், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தான். 2006 ஆகஸ்டில் விஞ்ஞானிகள் கூடி, புளூட்டோ இனிமேல் கோள் இல்லை, குறுங்கோள்தான் என்று முடிவு செய்தார்கள். அந்த வாரம் ஒருவன் கோபமாக எழுதினான்: "போன வருஷப் பரீட்சையில் கோள்கள் ஒன்பது என்று எழுதினேன். சார் முழு மார்க் போட்டார். இப்போது அதைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா?" எடுத்துக்கொள்ளவில்லை, கவலைப்படாதே என்று சிவப்பு மையில் பதில் எழுதினேன்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

2008-ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். வீட்டில் பேசுவது கன்னடம். நம் மாவட்டத்தில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம் என்பது இங்குள்ள உங்களுக்குத் தெரியும். தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. படிப்பாள், ஆனால் எழுத்தில் கன்னடம் எட்டிப் பார்க்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள். ஏன் தெரியுமா? பல்லில் பழுப்புக் கறை.

அது பல் தேய்க்காததால் வருவதில்லை. எங்கள் பகுதிப் பாறைகளில் புளோரைடு என்ற பொருள் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றில் கீழே போகப் போக அது தண்ணீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லி கிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட தண்ணீரைச் சிறுவயதில், நிரந்தரப் பற்கள் உள்ளே உருவாகிற காலத்தில் குடித்தால் கறை பிடிக்கும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகுமே என்று கேட்பீர்கள். ஆகாது! காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கிவிடும்.

இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவர, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. மார்ச், ஏப்ரலில் அங்கும் போராட்டம், இங்கும் போராட்டம். கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டத்தை நிறுத்தி வைப்பதாக ஏப்ரல் மாதம் தமிழக அரசு அறிவித்தது. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. பெரியவர்கள் பேசுவது பிள்ளைகள் காதில் விழாதா? ஒரு நாள் இடைவேளையில் ஒரு பையன் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்காளுங்கதானே எங்க தண்ணியத் தடுக்கறீங்க" என்று கேட்டிருக்கிறான். எனக்கு அது அன்று தெரியாது.

அந்த வாரம் அவள் ஒட்டியது ஒகேனக்கல் செய்தி. எழுதியிருந்ததை, பிழைகளை நீக்கித் தருகிறேன்:

"எங்கள் அப்பா பெங்களூரில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். அங்கே அவரைத் தமிழ்நாட்டு ஆள் என்கிறார்கள். இங்கே என்னைக் கன்னடக்காரி என்கிறார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடித்து எனக்குப் பல் கறை. என்னைச் சொன்னவனுக்கும் பல் கறை. தண்ணீர் வந்தால் இரண்டு வீட்டுக்கும் வரும். வராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் வராது."

நான் என்ன செய்தேன்? ஒன்பது இடத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். தண்ணீர் என்பதை 'நீரு' என்றும், பல் என்பதை 'ஹல்லு' என்றும் எழுதியிருந்தாள். பத்துக்கு நாலு மார்க். "பிழைகளைத் திருத்தி ஐந்து முறை எழுதுக" என்று கீழே எழுதினேன். இருபது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்த பழக்கம் பாருங்கள், கண் எழுத்தைத்தான் பார்த்தது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நோட்டை இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மேலே இருந்த நோட்டை எடுத்து முன்வரிசையில் கண்ணில் பட்ட பையனிடம் கொடுத்தேன். நோட்டு அவளுடையது. பையன், அவளைக் கேட்டவனேதான். வாசித்துக்கொண்டே வந்தவன் "என்னைச் சொன்னவனுக்கும்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். "படிடா" என்றேன். படித்தான், ஆனால் குரல் எழும்பவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவன் கை தானாக வாய்க்குப் போனது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என் சிவப்பு வட்டங்கள் அந்தப் பக்கத்தில் இருப்பதை நினைத்துக் கூசிப்போனேன்.

அந்த மௌனத்தில் பின்வரிசைக் குட்டிப் பையன் ஒருவன், "சார், ஹல்லுன்னா என்ன சார்?" என்றான். நல்ல வேளை, கேட்டான்! அந்தப் பெண்ணையே கரும்பலகைக்கு அழைத்துச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். "உங்க வீட்டுல பல்லுக்கு என்னம்மா சொல்வாங்க?" "ஹல்லு சார்." "பாலுக்கு?" "ஹாலு." "புலிக்கு?" "ஹுலி." "பூவுக்கு?" "ஹூவு." "பத்துக்கு?" "ஹத்து." எழுத எழுத, பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழில் 'ப' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது! பழைய கன்னடத்திலும் அது 'ப'தான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் மெல்ல மாறத் தொடங்கியது. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கை மாதிரி.

"அப்படின்னா புகை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஹொகெ" என்றாள் இவள். அடுத்த நொடி அவளே வாயைப் பிளந்து நின்றாள். ஹொகெ என்றால் புகை, கல் என்றால் கல். ஹொகெனகல், நம் ஒகேனக்கல்! அருவியின் சாரல் பாறைமேல் புகை மாதிரி எழுகிறதே, அதுதான் பெயர். யாருடைய தண்ணீர் என்று ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த இடத்தின் பெயரில் முதல் பாதி கன்னடம், அடுத்த பாதி இரண்டு மொழிக்கும் பொது. ஓசூரும் அப்படித்தான். 'ஹொச' என்றால் புது. அதாவது புதூர்! மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அந்தப் பையன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையன்கள் எப்போது கேட்டார்கள்? அடுத்த வாரம் பால் விலை பற்றி ஒரு செய்தியை ஒட்டி, அதற்கு 'ஹாலு' என்று தலைப்பு வைத்திருந்தான். எழுத்துப் பிழை இல்லை.

ஐந்து முறை எழுதச் சொன்னதை அவளிடம் நான் ரத்து செய்தேன். ஆனால் மார்க்கை மாற்ற மறந்துவிட்டேன். ஆண்டு இறுதியில் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

திட்டம் மறுபடி நடந்து, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஒருமுறை கறை பிடித்த நிரந்தரப் பல், நல்ல தண்ணீர் வந்ததால் வெளுத்துவிடாது. தண்ணீர் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் முழுப் பயன் தரும். அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் கறையோடுதான் கல்யாணம் செய்துகொண்டார்கள், வேலைக்குப் போனார்கள்.

நீங்கள் நோட்டு வைப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய செய்தியைத் தேடாதீர்கள். செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் நூறு தலைப்பு வரும், ஒன்றும் தங்காது. ஒன்றை எடுங்கள். அதில் தெரியாத சொல் மூன்றாவது இருக்கும். அகராதியைப் பார்க்கும் முன்னால் பாட்டியைக் கேளுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம்: கேழ்வரகு, மாம்பழம், தக்காளி, காவிரி எல்லாமே உலகச் செய்தி! 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நம் வீட்டு ராகிக் களிக்கு நியூயார்க்கில் கூட்டம் போட்டார்கள். ஆங்கிலம் கற்கிறவர்கள் அதே பத்து வரியை ஆங்கிலத்திலும் எழுதலாம். பிழை வரும். வரட்டும். பாரதியாருக்கே சொல் கிடைக்காத நாள் உண்டு.

போன ஆண்டு தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரு பெண், "சார், நல்லாருக்கீங்களா?" என்று வந்து நின்றாள். கையில் ஒரு குழந்தை. எனக்கு முகம் பிடிபடவில்லை. அவள் சிரித்தாள், கை வாய்க்குப் போனது. தெரிந்துவிட்டது.

"ஏம்மா, அந்த நோட்டு என்கிட்டத்தான் இருக்கு. வந்து வாங்கிக்கறியா?" என்றேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அந்த நாலு மார்க்கை மட்டும் திருத்திப் போடுங்க" என்றாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதற்குள் ஓசூர் பேருந்து வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வைத்தேன். சிவப்புப் பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை போடலாம் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.